துபாய்க்குத் தனியாகப் போகிறவர்களுக்கு: கணக்கு கட்டிலில் தொடங்குகிறது

நெல்லைச் சீமையில் கடையநல்லூர், மேலப்பாளையம், ஏர்வாடி, பத்தமடை என்று எந்தப் பக்கம் போனாலும் வளைகுடாவில் ஆள் இல்லாத தெருவைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அப்படியிருந்தும் புதிதாகக் கிளம்புகிறவரிடம் ஊர் கேட்பது மூன்றே கேள்விகள்தான்: விசா வந்தாச்சா, டிக்கெட் போட்டாச்சா, சம்பளம் எவ்வளவு? எங்கே தங்கப் போகிறாய், அதற்கு மாதம் என்ன ஆகும் என்று கேட்கிறவர் அபூர்வம். துபாயில் ஒரே சம்பளம் வாங்குகிற இரண்டு பேரில் ஒருவர் ஊரில் வீட்டுக்கு அஸ்திவாரம் போடுவார், இன்னொருவர் மாதக் கடைசியில் ரூம்காரரிடம் ஐம்பது திர்ஹம் கைமாற்று கேட்பார். பெரும்பாலும் அந்தக் கேட்கப்படாத கேள்வியில்தான் இருவரும் பிரிகிறார்கள்.

மாதம் 2,000 முதல் 5,000 திர்ஹம் வரை சம்பளத்தில், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, துபாய்க்கோ ஷார்ஜாவுக்கோ முதன்முறையாகப் போகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கம்பெனியே தொழிலாளர் கேம்ப்பில் இடம் தருகிறது என்றால் கட்டில் (அறையில் ஒரு படுக்கைக்கு மட்டும் வாடகை) தேடும் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். மற்றது எல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

கையெழுத்துப் போடும் முன்

சம்பளத்தை ஊரில் எல்லாரும் ரூபாயில் பெருக்கித்தான் பார்ப்பார்கள். திர்ஹத்துக்கு 23 ரூபாய் என்று வைத்தால் 3,000 திர்ஹம் 69,000 ரூபாய். 69,000 ரூபாய்க்குப் பாளையங்கோட்டையில் என்ன மதிப்பு என்று நமக்குத் தெரியும். ஆனால் அந்தப் பணத்தில் பாதிக்கு மேல் பாளையங்கோட்டைக்கு வரப்போவதே இல்லை. அதனால் ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் மொத்தத் தொகையை விட்டுவிட்டு அதற்குள் இருக்கும் பிரிவுகளைப் பாருங்கள்.

முதலில் தங்குமிடம். கம்பெனி இடம் தருகிறதா, அதற்குப் பதில் படியாகப் பணம் தருகிறதா, அல்லது எல்லாம் சேர்த்து ஒரே தொகையா? ஒன்றும் எழுதவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதில் வாங்கி வைத்தாலும் சரி. கம்பெனி ரூமும் வேலைக்குப் போகவர வண்டியும் சேர்ந்த 1,800 திர்ஹம், இரண்டும் இல்லாத 2,600-ஐ விட உசத்தி. 2,600-இல் கட்டிலுக்கு 800, மெட்ரோவுக்கு 230 போனால் நிற்பது 1,570. இந்தக் கழித்தல் கணக்கைப் போடாமலே "அங்கே 800 கூட" என்று கம்பெனி மாறுகிறவர்கள் நிறைய. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனத்தில் 1,500 திர்ஹத்துக்குக் கீழே சம்பளம் வாங்குகிறவர்களுக்குத் தங்குமிடம் கொடுப்பது நிறுவனத்தின் கடமை என்று அங்கே விதியே இருக்கிறது. ஆகவே குறைந்த சம்பளத்தில் போகிறவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

அடுத்தது அடிப்படைச் சம்பளம். 3,000-இல் அடிப்படை 1,200-ஆ 1,800-ஆ என்பது மாதக் கையில் வித்தியாசம் காட்டாது, வேலையை விட்டு வரும்போது காட்டும். பணிக்கொடையை அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான் கணக்கிடுவார்கள். முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். 1,200 அடிப்படைக்கு வருடம் 840 திர்ஹம், 1,800-க்கு 1,260.

அந்த ஆஃபர் லெட்டரை அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரிகிற இன்னொரு மொழியிலும் தரும் ஏற்பாடு அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தில் உண்டு. அந்த மொழிகளில் தமிழும் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் ஏஜென்ட் பணம். இந்தியாவில் பதிவு செய்த ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. அமீரகச் சட்டப்படி ஆளெடுக்கும் செலவையும் விசாச் செலவையும் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. நம்ம பக்கத்தில் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் துணை ஏஜென்ட்டுகள், பதிவே இல்லாதவர்கள். ஏஜென்ட்டின் பெயர் பதிவில் இருக்கிறதா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் நீங்களே பார்க்கலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆளெடுக்கிறது, முக்கியமாக நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் அங்கே முதலில் பார்ப்பது நல்லது. நகையை அடகு வைத்து இரண்டு லட்சம் கட்டிப் போகிறவருடைய முதல் வருட மிச்சம் முழுக்க அந்த நகையை மீட்கவே சரியாகிவிடும். வட்டி தனி.

விசிட் விசாவில் போய் வேலை தேடிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், தேடுவது உங்கள் பாடு, அதில் வேலை பார்ப்பது மட்டும் சட்டவிரோதம் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். நாள் தாண்டித் தங்கினால் ஒரு நாளைக்கு 50 திர்ஹம் அபராதம் ஏறிக்கொண்டே போகும்.

ஊரிலேயே முடிக்க வேண்டியவை

பாஸ்போர்ட்டுக்கு மதுரை வரை ஓட வேண்டியதில்லை, திருநெல்வேலியிலேயே சேவா மையம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறியவர் அந்தச் சான்றிதழைக் காட்டி, குடிபெயர்வு அனுமதி தேவையில்லாத பாஸ்போர்ட்டாக வாங்கிவிடலாம். தேறாதவர்கள் அமீரகம் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இ-மைக்ரேட் வழியாக அனுமதி பெற வேண்டும். அதோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் எடுக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், காப்புத் தொகை 10 லட்சம். தயவுசெய்து அந்த ரசீதின் நகல் ஒன்றை வீட்டில் வையுங்கள். காப்பீடு எடுத்தவரோடு அந்தத் தாளும் விமானம் ஏறிவிட்டால் வீட்டாருக்கு அது இருப்பதே தெரியாது.

பட்டப்படிப்புக்கு ஏற்ற பதவியில் போகிறவர்கள் சான்றிதழ் சரிபார்ப்பை முன்கூட்டியே தொடங்க வேண்டும். மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று மூன்று படி. அவசரத்தில் செய்தால் செலவு கூடும்.

வங்கி வேலையையும் இங்கேயே முடித்துவிடுங்கள். வெளிநாட்டில் வேலைக்குப் போனபின் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்பும் சம்பளத்துக்கு என்ஆர்இ கணக்கு ஒன்று திறந்துகொள்ளுங்கள். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது, பணத்தைத் திரும்ப வெளியே எடுத்துப் போகவும் தடை இல்லை.

இனி பெட்டி. சும்மா சொல்லவில்லை, இது ஜெயில் சம்பந்தப்பட்ட விஷயம்: அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். குருமாப் பொடி, மசாலாப் பொடி என்று அம்மா அரைத்துக் கொடுக்கும் எதில் கசகசா இருக்கிறது என்று கேட்டு, இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வலி மாத்திரையில் டிரமடால், இருமல் மருந்தில் கோடீன் இருந்தாலும் முன் அனுமதி இல்லாமல் கொண்டு போகக் கூடாது. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைக்கு டாக்டர் சீட்டு உடன் இருக்கட்டும். பான், புகையிலைச் சமாச்சாரம் எதுவும் வேண்டாம். கொப்பரைத் தேங்காயை விமானத்தில் விடமாட்டார்கள். மற்றபடி இட்லிப் பொடி, கல்லிடைக்குறிச்சி அப்பளம், புளிக்காய்ச்சல், கருப்பட்டி எல்லாம் தாராளமாக. அல்வா மட்டும் கொஞ்சம் யோசித்து வாங்குங்கள். ஆளுக்குக் கால் கிலோ என்று பத்துப் பேர் கொடுத்தனுப்பினால் உங்கள் துணிக்கு எடை மிஞ்சாது.

விமானத்துக்கு நம்ம பக்கத்தில் திருவனந்தபுரம்தான் வழக்கம், நாகர்கோவில் வழியாகப் பஸ்ஸிலோ ரயிலிலோ போய்விடலாம். மதுரையிலிருந்தும் அமீரகத்துக்கு விமானம் உண்டு. இரண்டு ஊர் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள். வழியனுப்ப வேன் பிடித்து இருபது பேர் வருகிற செலவையும் டிக்கெட்டோடு கூட்டிப் பாருங்கள் என்று சொன்னால் வீட்டில் திட்டுவார்கள், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

முதல் இரண்டு மாதம்

போய் இறங்கிய உடனே சம்பளம் வராது. மருத்துவப் பரிசோதனை, கைரேகை, எமிரேட்ஸ் அடையாள அட்டை, பிறகு வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாக முடிய வேண்டும். முதல் மாதச் சம்பளம் இரண்டாம் மாதத்தில் கைக்கு வருவது சாதாரணம். ஆக இரண்டு மாதச் சோறும் கட்டிலும் போக்குவரத்தும் உங்கள் கைப்பணத்தில் ஓட வேண்டும். கட்டில் 800, சாப்பாடு 500, போக்குவரத்து 230 என்றால் இரண்டு மாதத்துக்கு 3,060. கட்டிலுக்கு முன்பணம் தனி. 3,500 திர்ஹம் கையில் இருந்தால் யாரிடமும் கேட்காமல் தாண்டிவிடலாம். கம்பெனி ரூம் என்றால் இதில் மூன்றில் ஒரு பங்கு போதும்.

அங்கே போய் யாரிடமாவது வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். முதல் மாதம் வாங்கும் 1,000 திர்ஹம் கைமாற்று, அடுத்த நாலு மாதச் சம்பளத்தையும் கடித்துக்கொண்டே இருக்கும்.

ஊர் ரூம்

நெல்லைச் சீமைக்காரர்களுக்கு ஒரு வசதி, ஊர் ரூம். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்துத் தலைமுறையாக ஆள் மாறி மாறி ஓடுகிற அறைகள் துபாயின் தேராவிலும் பர்துபாயிலும் ஷார்ஜா ரோலாவிலும் உண்டு. கிளம்பும் முன்பே ஊரில் விசாரித்தால் யாராவது ஒரு அண்ணாச்சியின் நம்பர் கிடைத்துவிடும். இறங்கியதும் முதல் சில வாரத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஆனால் விருந்தாளியாகப் போகாதீர்கள். "அண்ணாச்சி, வாடகையில என் பங்கு எவ்வளவு, சமையல் முறை எனக்கு என்னைக்கு?" என்று முதல் நாளே கேட்டுவிட்டால் உங்களுக்கும் நிம்மதி, அவர்களுக்கும் நிம்மதி. "அட, இரு தம்பி, பாத்துக்கலாம்" என்று மரியாதைக்குச் சொல்வார்கள். அந்த மரியாதை இரண்டு வாரம் தாங்கும். சமைக்கத் தெரியாது என்றால் பாத்திரம் கழுவுகிறேன் என்று சொல்லுங்கள். சமைக்கத் தெரியாத பையனை ரூம் பொறுத்துக்கொள்ளும், எச்சில் தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டுப் படுக்கிறவனைப் பொறுத்துக்கொள்ளாது.

கட்டில் பார்ப்பது

பெட் ஸ்பேஸ் என்பது ஒரு அறையில் ஒரு கட்டில், அவ்வளவுதான். பெரும்பாலும் இரண்டடுக்குக் கட்டில். சமையலறை, கழிப்பறை பொது. தேரா, பர்துபாய், கராமா பக்கம் இப்போதைக்குச் சுமார் 700 முதல் 1,000 திர்ஹம், கீழ்க் கட்டில் என்றால் கொஞ்சம் கூட. குசைஸ், இண்டர்நேஷனல் சிட்டி பக்கம் குறையும், ஷார்ஜாவில் இன்னும் குறையும்.

படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். பார்க்காத கட்டிலுக்கு ஒரு திர்ஹம்கூடக் கொடுக்கக் கூடாது, அது ஊர்க்காரரே சொன்ன கட்டிலாக இருந்தாலும். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு போய்ப் பாருங்கள். பகலில் எல்லாரும் வேலைக்குப் போயிருக்கும்போது எந்த அறையும் விசாலமாகத்தான் தெரியும். இரவில் போனால்தான் எத்தனை பேர் உண்மையில் படுக்கிறார்கள், கழிப்பறை வாசலில் எத்தனை பேர் துண்டோடு நிற்கிறார்கள், ஏசி எந்தக் கட்டிலின் தலையில் நேராக அடிக்கிறது என்று தெரியும்.

போனதும் மெத்தையின் ஓரத் தையலைத் தூக்கிப் பாருங்கள். கட்டில் இரும்பாக இருந்தால் கால் சேரும் மூலையிலும் போல்ட் ஓட்டையிலும் போன் வெளிச்சத்தை அடித்துப் பாருங்கள். மிளகுத் தூள் தூவினது போலக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது மூட்டைப்பூச்சி. அந்த அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். "மருந்து அடிச்சாச்சு தம்பி" என்பார்கள். ஒரு அறைக்கு மட்டும் மருந்து அடித்து மூட்டைப்பூச்சி போனதாகச் சரித்திரம் இல்லை, பக்கத்து அறைக்குப் போய்விட்டுத் திரும்பி வரும். உங்கள் பெட்டியில் ஏறி அடுத்த ரூமுக்கும் கூடவே வரும்.

பிறகு கேட்க வேண்டிய கேள்விகள். வாடகைக்குள் தண்ணீர், கரண்ட், வைஃபை, கேஸ், கூட்டிப் பெருக்குகிறவர் சம்பளம் எல்லாம் அடக்கமா? ஏசி பில் தனியாக வருமா? துபாயில் சில கட்டடங்களில் குளிரூட்டும் கம்பெனி தனி பில் போடும், கோடையில் அது பெரிய தொகை. "சில்லர் ஃப்ரீ" என்று சொன்னால் அது வீட்டுக்காரர் பொறுப்பு. ரூமில் ராத்திரி ஷிப்ட் போகிறவர்கள் உண்டா, விளக்கு எப்போது அணையும்? சிகரெட்? சைவமா அசைவமா, சமையலறை எந்த நேரம் உங்களுக்குக் கிடைக்கும்? காலி செய்ய எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், முன்பணம் திரும்பி வருமா?

இதையெல்லாம் விடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அந்த அறை யார் பெயரில் இருக்கிறது? துபாயில் வாடகை ஒப்பந்தத்தை எஜாரி என்ற பதிவில் ஏற்ற வேண்டும், கூடத் தங்குகிறவர்களையும் அதில் சேர்க்க வேண்டும். வீட்டுச் சொந்தக்காரரின் எழுத்து அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விடுவது தவறு. ஒரு ஹாலைப் பலகை அடித்து நான்காகப் பிரித்து விடும் பார்ட்டிஷன்களை 2025-இல் துபாய் நகராட்சி ரிக்கா, முரக்கபாத், சத்வா, பர்ஷா, ரஃபா பகுதிகளில் தேடித் தேடி அகற்றியது. வாடகை வாங்கினவர் போனை அணைத்துவிடுவார், பெட்டியோடு தெருவில் நிற்பது நீங்கள். "எஜாரி உங்க பேர்லயா? என்னைச் சேர்ப்பீங்களா?" என்று கேட்டதும் எதிரில் இருப்பவர் முகம் மாறினால் அந்த இடத்தை விட்டுவிடலாம்.

வாசலையும் பாருங்கள். 2023 ஏப்ரலில் தேராவின் அல் ராஸ் பகுதியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் தீப்பிடித்து 16 பேர் இறந்தார்கள். அறைக்கும் படிக்கட்டுக்கும் நடுவே அட்டைப் பெட்டியும் சைக்கிளும் அடைத்துக் கிடந்தால், பால்கனியைப் பலகை போட்டு அடைத்து அங்கே ஒரு கட்டில் போட்டிருந்தால், வாடகை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி நடங்கள்.

பணம் கொடுத்தால் ரசீது. ரசீது தரமாட்டேன் என்றால் தொகை, தேதி, எந்த மாதத்துக்கு என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி "சரி" என்று ஒரு பதிலாவது வாங்கி வையுங்கள்.

கோடைக்கு ஒரு சின்ன விஷயம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் பகலில் கை வைக்க முடியாத சூட்டில் வரும். ரூமில் பழகியவர்கள் கீசரை அணைத்துவிடுவார்கள். வீட்டுக்குள் இருக்கும் கீசரில் நின்ற தண்ணீர் ஆறிவிடும், கோடையில் குளிர்ந்த தண்ணீர் வருவது வெந்நீர்க் குழாயில்தான். அதனால் முதல் நாளே கீசர் சுவிட்சைப் போட்டுவிட்டு வசை வாங்காதீர்கள்.

தேராவா, ஷார்ஜாவா

ஷார்ஜாவில் கட்டில் 200, 300 திர்ஹம் குறைவு. இதை மட்டும் பார்த்து அங்கே தங்கித் துபாயில் வேலைக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். காலையில் அல் இத்திஹாத் சாலை நெரிசல் ஊரறிந்த விஷயம். ஊர் விட்டு ஊர் போகும் பஸ்ஸில் ஒரு நடைக்கே பத்து திர்ஹத்துக்கு மேல். இறங்கினபின் மெட்ரோ தனி. மாதம் 26 நாள் போகவர என்று கணக்குப் போட்டால் மிச்சம் பிடித்த 300 பஸ்ஸிலேயே போய்விடும். தினமும் இரண்டு மூன்று மணி நேரத் தூக்கமும் கூடவே போகும். வேலை ஷார்ஜாவில் என்றாலோ, கம்பெனி வண்டி ரோலாவுக்கே வந்து ஏற்றுகிறது என்றாலோ ஷார்ஜாதான் சரி. வேலை துபாயில் என்றால், வேலை இடத்துக்கு ஒரே மெட்ரோவில் போகிற மாதிரிப் பாருங்கள், நடந்து போகிற தூரம் என்றால் இன்னும் நல்லது. ஷார்ஜாவில் குடும்பங்கள் வசிக்கும் பகுதிகளில் தனி ஆட்கள் சேர்ந்து தங்குவதை நகராட்சி அனுமதிப்பதில்லை, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

துபாய் மெட்ரோ, பஸ் எல்லாவற்றுக்கும் நோல் கார்டு. வெள்ளிக் கார்டு 25 திர்ஹம், அதில் 19 திர்ஹம் பயணத்துக்கு இருக்கும். ஒரே மண்டலத்துக்குள் 3 திர்ஹம், பக்கத்து மண்டலத்துக்கு 5, அதற்கு மேல் 7.50. மாதப் பாஸ் ஒரு மண்டலத்துக்கு 140, இரண்டுக்கு 230, எல்லாவற்றுக்கும் 350. கட்டில் பார்க்கும்போதே வேலை இடம் எத்தனை மண்டலம் தள்ளி என்று பார்த்து, வாடகையோடு இந்தப் பாஸ் தொகையைக் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். 750 வாடகையும் 350 பாஸும் 1,100. 900 வாடகையும் 140 பாஸும் 1,040. விலை கூடின கட்டில்தான் இங்கே மலிவு.

பெண்கள்

நர்ஸ், கணக்காளர், கடை விற்பனையாளர் என்று நம்ம ஊர்ப் பெண்களும் தனியாகப் போகிறார்கள். பெண்களுக்கு மட்டுமான கட்டில்கள் தனியே உண்டு, வாடகை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ஒரு குடும்பம் தங்கியிருக்கும் வீட்டில் ஒரு அறையை இரண்டு மூன்று பெண்கள் பகிர்வதும் பரவலான ஏற்பாடு. அப்படியானால் அந்த வீட்டில் யார் யார் நிரந்தரமாகத் தங்குகிறார்கள், அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, கழிப்பறை பொதுவா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். தயங்க வேண்டியது நீங்கள் அல்ல. மருத்துவமனை வேலை என்றால் பெரும்பாலும் தங்குமிடம் அவர்களே தருவார்கள், முதல் ஆறு மாதம் அதிலேயே இருந்துவிட்டு ஆட்கள் பழகினபின் வெளியே பாருங்கள். துபாய் மெட்ரோவில் பெண்களுக்கான பகுதி தனியாக இருக்கிறது.

சாப்பாடு

மெஸ்ஸில் மூன்று வேளைக்கு மாதம் 400, 500 திர்ஹம் என்று தமிழ்ச் சாப்பாடு கிடைக்கும். சேரும் முன் மூன்று நாள் காசு கொடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். ரூமில் நாலு பேர் சேர்ந்து சமைத்தால் ஆளுக்கு 250, 300-இல் முடியும், சனி ஞாயிறில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் சொதியும் கூடக் கிடைக்கும். ஒரே நிபந்தனை, முறை தவறாமல் சமைக்க வேண்டும். கையை உண்மையில் கடிப்பது இந்த இரண்டும் அல்ல. "இன்னைக்கு ஒரு நாள்" என்று ஹோட்டலில் சாப்பிடும் 20 திர்ஹம், டீயும் கடியும் என்று நாள் பூரா போகும் 8 திர்ஹம். அந்த 8 மட்டும் மாதம் 240.

3,000 திர்ஹம் எங்கே போகிறது

கட்டில் 800, சாப்பாடு 500, பாஸ் 230, போன் 75, சோப்பு, முடிவெட்டு, துணிமணி, சில்லறை 150, ஆபத்துக்கு ஒதுக்குவது 200. மொத்தம் 1,955. மிச்சம் 1,045. 23 ரூபாய் என்று பார்த்தால் 24,035 ரூபாய். ஊரில் பெருக்கிப் பார்த்த 69,000 இதுதான். இந்தக் கணக்கைக் கிளம்பும் முன்பே அப்பா அம்மா, மனைவி முன்னால் உட்கார்ந்து போட்டுக் காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது மாதம் "அவ்வளவு சம்பளம் வாங்கி இவ்வளவுதான் அனுப்புறியா மக்கா?" என்ற கேள்வி வரும், அதைப் போனில் விளக்க முடியாது. அந்தப் போனும் வாட்ஸ்அப் அழைப்பில் வராது, அங்கே அது தடை. போட்டிம் மாதிரி அனுமதித்த செயலி ஒன்றை ஊரில் இருக்கும்போதே அம்மா போனிலும் ஏற்றிக் கொடுத்துப் பழக்கிவிட்டுப் போங்கள்.

ஆபத்துக்கு வைத்த 200-ஐ அனுப்பிவிடாதீர்கள். அது மூன்று மாதச் செலவுக்கான தொகையாகச் சேரும் வரை அங்கேயே வங்கியில் கிடக்கட்டும். வேலை போனால் உதவும் காப்பீடு ஒன்று அமீரகத்தில் கட்டாயம். அடிப்படைச் சம்பளம் 16,000-க்குள் இருப்பவருக்கு மாதம் 5 திர்ஹம்தான், அதில் சேராமல் விட்டால் 400 அபராதம்.

விடுமுறைக்கும் மாதாமாதம் ஒதுக்க வேண்டும். வருடத்துக்கு 30 நாள் விடுப்பு சட்டப்படி உண்டு, ஆனால் டிக்கெட் கம்பெனி தருமா என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. ஜூலை, ஆகஸ்ட், டிசம்பரில் கட்டணம் எகிறும். டிக்கெட்டோடு நிற்காது. கோடாலித் தைலம், டாங், பிஸ்தா, சென்ட், சோப்பு, தெருவில் உள்ள பிள்ளைகளுக்கு மிட்டாய், போய் இறங்கியதும் காத்திருக்கும் கல்யாண மொய் என்று பட்டியல் நீளும். பெட்டிக்கென்று ஒரு தொகையை முதலிலேயே வரம்பு கட்டிவிட்டால், கடையில் நிற்கும்போது மனசு இளகாது.

சம்பளக் கணக்கு தொடங்கிய மறுவாரமே கிரெடிட் கார்டும் கடனும் தர ஆள் போன் செய்வார். முதல் வருடம் எதற்கும் தலையாட்ட வேண்டாம். கடன் நின்றுபோனால் நாட்டை விட்டுக் கிளம்பவே தடை வரக்கூடும்.

தனி ஃபிளாட் எடுக்கலாமா

ஒரு வருடம் கழித்து, நாலு பேர் சேர்ந்து எடுக்கலாம் என்று பேச்சு வரும். வாடகை வருடத்துக்கு 60,000 என்று வையுங்கள். நாலு செக்காகக் கொடுத்தால் முதல் செக் 15,000. முன்பணம் வழக்கமாக ஐந்து சதவீதம், 3,000. தரகர் கூலியும் அதே அளவு, 3,000. தண்ணீர் கரண்ட் இணைப்புக்குத் திரும்பக் கிடைக்கும் வைப்புத் தொகை 2,000. சாவி வாங்கும் முன்பே 23,000, ஆளுக்கு 5,750. அதோடு துபாயில் வருட வாடகையின் ஐந்து சதவீதம் நகராட்சிக் கட்டணமாக மாதாமாதம் கரண்ட் பில்லோடு வரும், இந்த வீட்டுக்கு மாதம் 250. கட்டில், மெத்தை, பிரிட்ஜ் எல்லாம் இன்னும் வாங்கவில்லை.

தனித்தனி ஆட்கள் சேர்ந்து தங்கச் சொந்தக்காரர் சம்மதிக்கிறாரா என்று முதலில் எழுத்தில் வாங்க வேண்டும். செக் யார் பெயரில் போகிறதோ அவர் தலையில்தான் மொத்தப் பொறுப்பும். நடுவில் ஒருவருக்கு வேலை போய் ஊருக்குப் போனால் அவர் பங்கை மற்ற மூவர் கட்ட வேண்டும். அந்த மூவரையும் அந்த அளவுக்கு நம்ப முடியுமென்றால் எடுங்கள்.

தகராறு வந்தால்

சம்பளம் வங்கி வழியாகத்தான் வர வேண்டும், அதை அரசு கண்காணிக்கிறது. தாமதமானால் தொழிலாளர் அமைச்சகத்தின் செயலியிலேயே புகார் கொடுக்கலாம். பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைக்கச் சட்டத்தில் இடமில்லை. மருத்துவக் காப்பீடு முதலாளி செலவு. இந்தியத் தூதரகத்தின் உதவி மையம் 24 மணி நேரமும் இயங்குகிறது, அமீரகத்துக்குள்ளிருந்து இலவச எண் 800 46342. ஊரில் வீட்டாரிடமும் அந்த எண்ணைச் சொல்லி, சென்னையில் அயலகத் தமிழர் நலனுக்கென்றே அரசுத் துறை இருக்கிறது என்பதையும் சொல்லி வையுங்கள்.

பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், காப்பீடு, கட்டில் ரசீது எல்லாவற்றையும் படமெடுத்து ஊரில் ஒருவருக்கு அனுப்பி வைத்துவிடுங்கள். ரூம் மாறும்போது முன்பணம் திரும்ப வாங்கின பிறகே சாவியைக் கொடுங்கள். புது முகவரியையும் கூட இருக்கிற ஒருவருடைய நம்பரையும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.